ஐசாக் றொசின் மரணசாசனம்

1844 ஆம் ஆண்டில் இலங்கைச் சட்டநிரூபண சபை ஆக்கிய கட்டளைச் சட்டங்களுள் இரண்டு அடுத்தடுத்த இலக்கங்களைத் தாங்கி நிற்கின்றன. 20 ஆம் இலக்கச் சட்டம் இத்தீவில் எஞ்சியிருந்த அடிமைநிலையை ஒழித்தது. 21 ஆம் இலக்கச் சட்டம் மரணசாசனம் பற்றியது. ஒருவர் தம் ஆதனத்தைத் தாம் விரும்பியவர்க்கு விரும்பியவாறு விட்டுச் செல்லலாம், பிள்ளைகளையும் விலக்கலாம் என அது விதித்தது. இரண்டும் அருகருகே அமைந்தமை தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், மனிதர் ஆதனப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஆண்டிலேயே ஆதனத்தை எழுதிவைக்கும் உரிமையும் விரிவு பெற்றது என்பது சட்ட வரலாறு பயில்வோர் நின்று நோக்குதற்குரியது.

அதற்கு முன்னர் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707 ஆம் ஆண்டில் தொகுத்தபொழுது, காணி, நகை, கால்நடை ஆகியவற்றைப் பற்றிய விதிகளோடு அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. மகளுக்குக் கொடுக்கும் சீதனத்தில் அடிமைகளும் அடங்கினர். அடிமைப் பெண்ணின் பிள்ளை தாயின் நிலையையே அடைந்தது. மட்டக்களப்புப் பகுதியிலும் பரம்பரையாக ஏவல் செய்த குடிகளைச் 'சிறை' என்று வழங்கினர். சொல்லே பொருளை உணர்த்துகின்றது.

மனிதன் ஆதனமாயின், அந்த ஆதனத்தை வைத்திருப்பவர் இறக்கும்பொழுது யாது நிகழும்? அவரே, 'எனக்குப் பின் இவர்கள் ஒருவர்க்கும் உரியர் அல்லர். தமக்குத் தாமே உரியர்' என்று எழுதிவைத்தால் அவ்வெழுத்து நிற்குமா? வழித்தோன்றல்கள், 'எமது முதுசத்தைக் காற்றில் விட எம் பாட்டனாருக்கு உரிமை ஏது?' என்று வழக்காடினால் நீதிமன்றம் யார் பக்கம் நிற்கும்? இவ்வினாக்கள் அனைத்தும் ஒரே குடும்பத்தில் எழுந்து, ஒரே வழக்கில் தீர்க்கப்பட்டு, தீர்ப்பின் பின்னரும் தீராது நின்ற வரலாறொன்று அமெரிக்காவின் மிசிசிப்பி நாட்டில் உண்டு. அதுவே ஐசாக் றொஸ் என்னும் எல்லைப்புறக் குடியேற்றக்காரரின் மரணசாசன வரலாறு.

றொஸ் 1760 ஆம் ஆண்டில் பிறந்தவர். தென் கரோலினாவைச் சேர்ந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் பங்குகொண்டமையால் கப்டன் என்ற பட்டத்துடன் அழைக்கப்பட்டார். 1808 ஆம் ஆண்டில் அவர் தம் மனைவி மக்களுடனும் அடிமைகளுடனும் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, மிசிசிப்பி ஆட்சிநிலத்தில் ஜெபர்சன் கவுண்டி எனப்படும் பகுதியில் குடியேறினார். அமெரிக்க ஐக்கிய நாடுகளினுள் வெளிநாட்டு அடிமைகளை இறக்குமதி செய்தல் சட்டப்படி தடைசெய்யப்பட்டதும் அதே 1808 ஆம் ஆண்டின் முதல் நாளிலேதான். எனினும் உள்நாட்டில் அடிமை வாணிகம் தடைப்படவில்லை. மாறாக, அது பெருகிற்று.

பெருகியமைக்குக் காரணம் பருத்தி. 1793 ஆம் ஆண்டில் எலி விற்னி என்பார் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறியை அமைத்தார். அதுவரை ஒருவர் ஒரு நாள் முழுதும் விரலால் பிரித்தெடுத்த பஞ்சு சிறிதளவே. பொறி வந்தபின் பிரிக்கும் வேலை எளிதாயிற்று; ஆனால் விதைக்கவும் களை பிடுங்கவும் பறிக்கவும் கை வேண்டியிருந்தது. வேலையைக் குறைக்க வந்த பொறி வேலையாட்களின் தளையை இறுக்கியமை இயந்திர வரலாற்றின் கசப்பான முரண்பாடுகளுள் ஒன்று. கரோலினாவின் நிலம் களைத்திருந்தது. மிசிசிப்பி ஆற்றோரத்து மண் புதியது. பழங்குடியினரின் நிலங்கள் உடன்படிக்கை என்ற பெயரால் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. கிழக்குக் கரையோரத்துத் தோட்டக்காரர் தம் அடிமைகளை நடத்திக்கொண்டு அங்குச் சென்றனர். காட்டை வெட்டியவர், மண்ணைத் திருத்தியவர், வீட்டைக் கட்டியவர் யாவரும் அவ்வடிமைகளே. ஆனால் குடியேற்றக்காரர் என்ற பெயர் எசமானருக்கே வழங்கிற்று.

கல்முனைக் கரையோரத்தார்க்குக் காடு வெட்டி வயலாக்கிய கதை புதிதன்று. 1626 ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் ஏறத்தாழ நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியமை வரலாற்றாசிரியர் குறித்த செய்தி. அவர்கட்கு முன்னரே அங்கு வாழ்ந்த முஸ்லிம்களோடும் தமிழரோடும் அவர்கள் கலந்து, வட்டை வட்டையாக நெல் விளைத்தனர். அக்குடியேற்றமும் ஓர் எல்லைப்புறக் குடியேற்றமே. ஆயினும் அடைக்கலம் தேடி வந்தோரின் குடியேற்றத்துக்கும், பிறர் உழைப்பை உடைமையாகக் கொண்டு சென்றோரின் குடியேற்றத்துக்கும் இடையே உள்ள வேற்றுமை மறைக்கத்தக்கதன்று.

றொஸ் தம் தோட்டத்திற்குப் புரொஸ்பெக்ட் ஹில் என்று பெயரிட்டார். பருத்தி அவரைப் பெருஞ்செல்வராக்கியது. ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலமும் இருநூறுக்கு மேற்பட்ட அடிமைகளும் அவர் உடைமையாயின. அடிமைக் குடும்பங்களைப் பிரித்து விற்காமல் ஒருங்கே வைத்திருந்தார் என்றும், அப்பகுதியின் ஏனைய தோட்டக்காரரினும் இரக்கத்துடன் நடத்தினார் என்றும் அவரைப்பற்றிக் கூறுவர். இக்கூற்று எசமானர் பக்கத்திலிருந்து வந்தது என்பதை மறத்தலாகாது. இரக்கமுடைய எசமானரும் எசமானரே.

முதுமையில் அவர் உள்ளத்தை ஒரு கவலை பற்றியது. தாம் இறந்தபின் அம்மக்கள் யார் கையில் விழுவர்? மிசிசிப்பியிலேயே அவர்களை விடுவிக்க இயலாது. 1822 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓர் அடிமையை விடுவிக்க வேண்டுமாயின், அவன் சிறந்த நற்செயலொன்றைச் செய்திருத்தல் வேண்டும். அதன் பின்னும் சட்டமன்றம் தனிச்சட்டம் ஒன்றால் அவ்விடுதலையை ஏற்றல் வேண்டும். இருநூறு பேருக்கு இருநூறு தனிச்சட்டங்கள் பெறுதல் கனவிலும் ஆகாத காரியம்.

வழியொன்று கடலுக்கு அப்பால் தோன்றிற்று. 1816 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அமெரிக்கக் குடியேற்றச் சங்கம், விடுதலை பெற்ற கறுப்பு மக்களை மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு அனுப்பி அங்குக் குடியேற்றும் முயற்சியில் ஈடுபட்டிருந்தது. 1822 ஆம் ஆண்டில் மெசுராடோ முனையில் அதன் முதற் குடியேற்றம் வேரூன்றியது, அதுவே லைபீரியா. மிசிசிப்பியிலும் 1831 ஆம் ஆண்டில் இத்தகைய சங்கமொன்று எழுந்தது. அதனைத் தொடங்கியோருள் றொசும் ஒருவர். சினோ ஆற்று முகத்துவாரத்தில் அச்சங்கம் அமைத்த குடியேற்றத்தை 'ஆபிரிக்காவிலுள்ள மிசிசிப்பி' என்றே அழைத்தனர்.

இச்சங்கங்களின் நோக்கத்தை அளவிட்டு நோக்குதல் தகும். அடிமைநிலை தீது என்று கருதியோர் சிலர் அவற்றில் இருந்தனர். விடுதலை பெற்ற கறுப்பர் வெள்ளையரோடு ஒரே நாட்டில் வாழ்தல் ஆகாது என்று அஞ்சியோர் அவரினும் பலர். சுதந்திரம் தருவோம், ஆனால் இங்கன்று என்பதே அவர்தம் கொள்கை. பிறந்து வளர்ந்த மண்ணை விட்டு, தம் பாட்டன்மாரும் நேரிற் கண்டிராத கரையொன்றுக்குச் செல்வதையே அம்மக்கள் விடுதலையின் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

1836 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் றொஸ் இறந்தார். அவருடைய மரணசாசனம் திறக்கப்பட்டபொழுது அதன் அமைப்பு வியப்பூட்டுவதாயிருந்தது. மகள் மாகிரெட் றீட், கணவனை இழந்தவர், தம் ஆயுட்காலம் வரை தோட்டத்தை ஆண்டு அனுபவிக்கலாம். அவருக்குப் பின்னர், வயது வந்த அடிமைகளிடம் விருப்பம் கேட்டல் வேண்டும். லைபீரியா செல்ல விரும்புவோர் அனுப்பப்படுதல் வேண்டும். விரும்பாதோர் விற்கப்படுவர். தோட்டமும் விற்கப்பட்டு, அப்பணத்தால் பயணச் செலவும் குடியேற்றச் செலவும் கொடுபடுதல் வேண்டும். எஞ்சியதைக் கொண்டு லைபீரியாவில் கல்விக்கூடம் ஒன்று நிறுவப்படுதல் வேண்டும். பேரப்பிள்ளைகட்கு எஞ்சியது சிறிதே.

உடைமை என எழுதப்பட்ட மக்களிடம் ஒரு சட்ட ஆவணம் விருப்பம் கேட்கின்றது. அத்தகைய ஆவணம் அந்நாட்டில் அரிது. ஆனால் அவ்விருப்பத்தின் எல்லையையும் நோக்குதல் வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் ஏலச் சந்தை. இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிதலை முழு விருப்பம் என்று கூறல் அரிது.

இச்சாசனத்தின் துணிவை உணர, பிற நாட்டுச் சட்டங்களோடு ஒப்பிடுதல் உதவும். உரோமாபுரியில் எசமானர் பலர் தம் இறுதி ஊர்வலத்தில் விடுதலை பெற்றோர் கூட்டம் திரளவேண்டும் என்ற ஆசையால் மரணசாசனத்தில் அடிமைகளைக் கூட்டங்கூட்டமாக விடுவித்தனர். அதனைக் கட்டுப்படுத்த அகுஸ்தஸ் காலத்தில், கி.மு. 2 ஆம் ஆண்டில், சட்டமொன்று எழுந்தது. நூறு முதல் ஐந்நூறு அடிமைகளை உடையவர் ஐந்தில் ஒரு பங்கினரையே சாசனத்தால் விடுவிக்கலாம். எவ்வளவு செல்வராயினும் நூறு பேருக்கு மேல் இயலாது. றொஸ் உரோமராயிருப்பின், இருநூற்றுச் சொச்சம் பேரில் நாற்பதின் மேற் சிலரே தப்பியிருப்பர்.

இஸ்லாமியச் சட்டத்தில் இதற்கு வேறொரு வழி வகுக்கப்பட்டது. 'நான் இறந்தபின் நீ விடுதலை' என்று எசமானர் கூறுவதைத் தத்பீர் என்பர். அவ்வாறு கூறப்பட்ட அடிமை எசமானரின் மரணத்தோடு விடுதலையடைவான். ஆனால் இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, அவ்விடுதலை எசமானர் விட்டுச்சென்ற முழு ஆதனத்தின் மூன்றில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். எஞ்சிய இரண்டு பங்கும் வாரிசுகளுக்குரியது. அடிமையை உரிமைவிடுதலை நற்செயலாகப் போற்றிய அச்சட்டம், வாரிசின் உரிமையையும் கைவிடவில்லை. றொசின் சாசனமோ அனைத்தையும் ஒருங்கே எடுத்துச் சென்றது. வாரிசுகளின் சினத்திற்குக் காரணம் தேடவேண்டியதில்லை.

மாகிரெட் தந்தையின் கருத்தோடு ஒன்றியவர். அவர் 1838 ஆம் ஆண்டில் இறந்தபொழுது, தமக்குச் சொந்தமான அடிமைகளையும் அவ்வாறே விடுவிக்குமாறு தாமும் ஒரு சாசனம் எழுதிவைத்திருந்தார். குடும்பத்தின் ஏனையோர் பொறுக்கவில்லை. றொசின் பேரன் ஐசாக் றொஸ் வேட் என்பார் எதிர்ப்பிற்குத் தலைமை தாங்கினார். பாட்டனாரின் பெயரையே தம் பெயராகக் கொண்ட பேரன், அப்பாட்டனாரின் இறுதிச் சொல்லை அழிக்க முனைந்தமை இவ்வரலாற்றின் ஒரு விந்தை.

சாசனத்தை நிறைவேற்ற முனைந்தோருள் ஜோன் கேர் என்னும் வைத்தியர் குடியேற்றச் சங்கத்தில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். இன்னொருவர் ஸ்ரீவன் டங்கன். இவர் அக்காலத்துப் பேரடிமையுடைமையாளருள் ஒருவர். பிறர் அடிமைகளை விடுவிக்க வழக்காடியவர் தம் தோட்டங்களில் அடிமைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார் என்பது அக்காலத்து மனச்சான்றின் வளைவு நெளிவுகளைக் காட்டுகின்றது.

வழக்கு மிசிசிப்பி உயர் மேன்முறையீட்டு மன்றம் வரை சென்றது. எதிர்ப்போரின் வாதம் எளிது: மிசிசிப்பிச் சட்டம் சாசனத்தால் அடிமைகளை விடுவிப்பதைத் தடுக்கின்றது, ஆகவே இச்சாசனம் செல்லாது. 1840 ஆம் ஆண்டில் மன்றம் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. சாசனம் மிசிசிப்பி மண்ணில் எவரையும் விடுவிக்கவில்லை; வேற்று நாட்டிற்கு அனுப்பி அங்கே விடுதலை வழங்குமாறே பணிக்கின்றது; அதனைத் தடுக்கும் விதி சட்டத்தில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். றொஸ் கண்டுபிடித்த இடைவெளி வழியே அவர் எண்ணம் தப்பிச் சென்றது.

சட்டமன்றம் அவ்விடைவெளியை விரைந்து அடைத்தது. 1842 ஆம் ஆண்டில், நாட்டிற்கு வெளியே அனுப்பியும் சாசனத்தால் அடிமைகளை விடுவித்தல் ஆகாது என்று புதுச்சட்டம் பிறந்தது. அக்காலத்து மிசிசிப்பியின் தொகையை நோக்கின் அச்சத்தின் காரணம் புலனாகும். 1840 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு அடிமைகள் 195,211 பேர். வெள்ளையர் தொகை அதனினும் குறைவு. இரண்டாண்டின் பின் இலங்கையில் மரணசாசன உரிமை விரிந்தது. மிசிசிப்பியில் அது சுருங்கியது. முன்னதில் அடிமை ஒழிந்தான். பின்னதில் தளை இறுகிற்று.

தீர்ப்புக் கிடைத்தும் தோட்டம் வேட் கையிலேயே இருந்தது. அவர் தடைமேல் தடை எழுப்பினார். ஆண்டுகள் கழிந்தன. தாம் விடுதலைக்குரியர் என்பதை அறிந்த மக்கள், நாள்தோறும் பருத்திக் காட்டுக்குச் சென்று திரும்பினர். அறியாமையில் உள்ள அடிமைத்தனத்தினும் அறிந்தபின் தொடரும் அடிமைத்தனம் கொடிது. 1845 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் ஒரிரவு புரொஸ்பெக்ட் ஹில் மாளிகை தீப்பற்றி எரிந்தது. அதில் ஒரு சிறுமி மாண்டாள். அடிமைகளே தீயிட்டனர் என்ற ஐயம் எழுந்தது. ஐயத்திற்குள்ளானோர் சிலர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர் என்று அப்பகுதி மரபுரை கூறுகின்றது. இறந்த அக்குழந்தையின் சாவும், மன்றமேறாது கொல்லப்பட்டோரின் சாவும், பத்தாண்டாக நிறைவேற்றப்படாது கிடந்த ஒரு தாளின் நிழலில் நிகழ்ந்தன.

1848 ஆம் ஆண்டையொட்டி அம்மக்கள் இறுதியிற் கப்பலேறினர். ஏறத்தாழ இருநூறு பேர் புரொஸ்பெக்ட் ஹில்லிலிருந்து லைபீரியா சென்றனர். ஒரே தோட்டத்திலிருந்து அங்குச் சென்ற கூட்டங்களுள் இதுவே பெரியது என்பர். அவர்கள் சென்றடைவதற்குச் சற்று முன்னர், 1847 ஆம் ஆண்டு யூலை 26 ஆம் நாள், லைபீரியா தன்னைச் சுதந்திரக் குடியரசாக அறிவித்திருந்தது. தோட்டத்தின் வருவாயும் விலையும் நெடுவழக்கில் கரைந்தமையால், றொஸ் கனவுகண்ட கல்விக்கூடம் அவர் எண்ணியவாறு எழவில்லை. குடியேறியோருள் எழுத்தறிந்தவர் சிலர், தமக்குரிய பணம் எங்கே என வினவி மிசிசிப்பிக்கு மடல் எழுதினர்.

புதிய மண்ணில் அவர்கள் அமைத்த வாழ்வு ஆராய்வோரைத் திகைக்கச் செய்கின்றது. தூண்கள் நிறுத்திய மாளிகைகளைப் போன்ற வீடுகளைக் கட்டினர். ஊர்ப் பெயர்களும் மிசிசிப்பியிலிருந்தே சென்றன. சினோவின் தலைநகர் கிரீன்வில் எனப்பட்டது. அம்மண்ணின் பழங்குடியினரை நாகரிகமற்றோராகக் கருதிக் கூலிக்கு அமர்த்தினர்; அவரோடு போரும் நிகழ்ந்தது. குடியேறியோரின் வழியினரே நூற்றாண்டுக்கு மேலாக அந்நாட்டின் ஆட்சியைத் தம் கையில் வைத்திருந்தனர். 1980 ஆம் ஆண்டில் சாமுவேல் டோ தலைமையில் எழுந்த இராணுவப் புரட்சி அவ்வாட்சியை வீழ்த்தியது. 1989 ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. தாம் அறிந்த ஒரே மேன்மக்கள் வாழ்வு எசமானர் வாழ்வாக இருந்தமையால், விடுதலை பெற்றோர் அதனையே நகல் செய்தனர் என்று கூறுவோர் உளர். அது முழு விளக்கமாகாது. எனினும் புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

இலங்கையில் விடுதலை இவ்வாறு ஒருவரின் சாசனத்தில் தொங்கி நிற்கவில்லை. படிப்படியாகச் சட்டத்தின் வழியே வந்தது. பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் முயற்சியால், 1816 ஆம் ஆண்டு ஆகத்து 12 ஆம் நாளின் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரராவர் என உடைமையாளர் பலர் ஒப்புக்கொண்டனர். 1818 ஆம் ஆண்டில் அடிமைகளைப் பதிவுசெய்யும் விதி வந்தது. 1821 ஆம் ஆண்டில், கோவியர், நளவர், பள்ளர் என வகுக்கப்பட்ட அடிமைகளின் பெண்மகவுகளைப் பிறப்பிலேயே அரசு சிறுதொகை கொடுத்து மீட்கும் ஏற்பாடு வந்தது. பிள்ளை தாயின் நிலையைப் பின்பற்றுமாதலின், தாயாகப் போகும் பெண்ணை மீட்பின் தலைமுறையே மீளும் என்பது அதன் கணக்கு. தாய்வழி மரபைத் தளைக்குப் பயன்படுத்திய விதியைத் தளை அறுக்கவும் பயன்படுத்தினர். 1833 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய பெரும் ஒழிப்புச் சட்டமோ இலங்கையைத் தன் எல்லைக்குப் புறம்பாகவே விட்டது. 1844 வரை காத்திருக்க நேர்ந்தமை அதனாலேயே.

தாய்வழி என்றவுடன் கீழ்க்கரை நினைவுக்கு வரும். மட்டக்களப்பு முக்குவர் வழமையில் முதுசம் பெண்வழியே இறங்கியது. தந்தையின் முதுசம் அவர் பிள்ளைகட்கன்றி அவர் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. அவ்வழமையைக் கிறிஸ்ரோபர் பிரிட்டோ 1876 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் ஆட்சியை முடித்தது. ஆயினும் வழக்கம் சட்டப் புத்தகத்தோடு மடியவில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி, மகளுக்கு மணம் முடிக்கும்பொழுதே வீட்டையும் வயலையும் உறுதி எழுதிக் கொடுக்கும் மரபைக் காத்தனர். மகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். போடியார் ஒருவர் மரணப்படுக்கையை அடையும் முன்னரே அவர் ஆதனத்தின் பெரும்பகுதி பெண்மக்கள் கையைச் சேர்ந்திருக்கும். ஆதலின் றொஸ் குடும்பத்தைப் பத்தாண்டு அலைக்கழித்த வழக்கைப் போன்றதொன்று அங்கு எழ வாய்ப்புக் குறைவு. ஆனால், பாட்டனார் ஒருவர் தம் இறுதிக் காலத்தில் மனம் மாறி, குடும்பத்தின் செல்வம் முழுவதையும் வேறொரு நெறிக்குத் திருப்பவும் அம்முறை இடம்கொடாது.

எரிந்த மாளிகை இருந்த இடத்தில் வேட் 1854 ஆம் ஆண்டில் புதிய வீடொன்றைக் கட்டினார். உள்நாட்டுப் போரின் பின், 1865 ஆம் ஆண்டில், அமெரிக்க அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் அங்கு எஞ்சியிருந்தோரையும் விடுவித்தது. வீடு பின்னர்ப் பாழடைந்து, காடு சூழ்ந்து கிடந்தது. 2011 ஆம் ஆண்டில் தொல்லியல் காப்பு நிறுவனமொன்று அதனை வாங்கியது. மிசிசிப்பியில் நின்றோரின் வழியினரும், எசமானர் குடும்பத்து வழியினரும், லைபீரியா சென்றோரின் வழியினரும் அவ்வீட்டு முற்றத்தில் ஒன்றுகூடினர். றொசின் கல்லறை அவ்வீட்டருகே நிற்கின்றது. அவர் நினைவுச் சின்னத்தைக் குடியேற்றச் சங்கத்தார் எழுப்பினர். அவர் சாசனத்தால் விடுதலை பெற்றோரின் கல்லறைகள் கடலுக்கு அப்பால் சினோ ஆற்றங்கரையில் உள்ளன.